உங்கள் மகளுக்குக் கணக்கு வரும், அம்மா

வணக்கம் அம்மா. சனிக்கிழமை பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து மகளோடு வந்திருந்தீர்கள். "பத்தாம் வகுப்பு வந்தும் இவளுக்குக் கணக்கு வரலீங்க, பிளஸ் ஒன்னில் ஹியுமானிட்டீஸ் (கலைப் பிரிவு) எடுக்க வச்சிரலாமா?" என்று கேட்டீர்கள். அவளை எதிரில் வைத்துக்கொண்டு பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நோட்டை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டேன். முழுக்கப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

சமன்பாட்டைக் கொடுத்துத் தீர்க்கச் சொன்ன இடத்திலெல்லாம் அவள் சரியாகவே போட்டிருக்கிறாள். நான்கு வரிக் கதையாகக் கணக்கைக் கொடுத்தால்தான் பக்கம் காலியாக இருக்கிறது. ஓரிடத்தில் 'எக்ஸ் = இளநீர்' என்று எழுதி, அதையும் அடித்துவிட்டு நிறுத்தியிருக்கிறாள். சிக்கல் முழுக்க அந்த ஒரு வரியில் இருக்கிறது. எக்ஸ் என்பது இளநீர் இல்லை. ஒரு இளநீரின் விலையாக இருக்கலாம், வாங்கிய இளநீரின் எண்ணிக்கையாக இருக்கலாம். எதுவானாலும் அது ஒரு எண். பொருளையே எக்ஸ் என்று வைத்துவிட்டால் அடுத்த வரி எழுதவே முடியாது.

அவள் விட்டுவைத்த கணக்கு இது. ஒரு வியாபாரி 600 ரூபாய்க்குச் சில இளநீர் வாங்கினார். ஒரு காயின் விலை 5 ரூபாய் குறைந்திருந்தால் அதே பணத்துக்கு இன்னும் 6 காய் கிடைத்திருக்கும். அவர் வாங்கியது எத்தனை?

நீங்கள் டீ குடிக்கப் போனபோது இதையே அவளிடம் வாய்க்கணக்காகக் கேட்டேன். "எக்ஸை விடு கண்ணு. அப்பா தோப்பில் காய் எடுக்கிற மாதிரி நினைச்சுக்க. விலை 30 ரூபாய்னு வை."

"600 ரூபாய்க்கு 20 காய். 5 ரூபாய் குறைஞ்சா 25 ரூபாய், அப்போ 24 காய். நாலுதான் கூடுது, ஆறு வரலை."

"20 ரூபாய்னு வச்சா?"

"30 காய். 15 ரூபாய்க்கு 40 காய். பத்து கூடுது, ஜாஸ்தி." நான் அடுத்ததைக் கேட்பதற்குள் அவளே சொன்னாள்: "25 ரூபாய்னா 24 காய், 20 ரூபாய்க்கு 30. ஆறு! சரியா வருதுங்க."

பேனாவைத் தொடாமல் சொன்னாள், அம்மா. இந்தப் பிள்ளையைக் கணக்கு வராதவள் என்று எப்படிச் சொல்வது?

அப்புறம் ஒன்று கேட்டேன்: "மூணு தடவையும் நீ என்ன செஞ்சே?" யோசித்துச் சொன்னாள்: 600-ஐ விலையால் வகுத்தேன், விலையில் 5 குறைத்து மறுபடி வகுத்தேன், இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தேன், 6 வருகிறதா என்று பார்த்தேன். அதை அப்படியே எழுதச் சொன்னேன். 30, 20 என்று எண் வைத்த இடத்தில் விலைக்கு 'வி' என்று போடு, அவ்வளவுதான் என்றேன். அவள் கையால் எழுதியது:

600/(வி − 5) − 600/வி = 6

சமன்பாடு வந்துவிட்டது. மிச்சம் அவளுக்குத் தெரிந்த வேலை. சுருக்கினால் வி² − 5வி − 500 = 0. காரணிப்படுத்தினால் (வி − 25)(வி + 20) = 0. விலை மைனஸ் 20 ஆக இருக்க முடியாது, எனவே 25. அங்கேயே கோடு போட்டு முடிக்கப் பார்த்தாள், நிறுத்தினேன். கேட்டது விலையை இல்லையே, எண்ணிக்கையை. 600-ஐ 25-ஆல் வகுத்து 24 காய் என்று எழுதினால்தான் விடை. எத்தனையோ பிள்ளைகள் கணக்கைச் சரியாகப் போட்டுவிட்டு இந்தக் கடைசி வரியில் மார்க்கை விடுகிறார்கள், பார்க்கவே வயிறு எரிகிறது.

'குறைந்திருந்தால்' என்ற சொல்லில்தான் அவள் தடுமாறுகிறாள் என்று நினைக்கிறேன். நடந்தது ஒன்று, நடந்திருக்கக்கூடியது இன்னொன்று. இரண்டையும் இரண்டு வரியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் விலை, எண்ணிக்கை, தொகை மூன்றையும் எழுதிப் பழகட்டும். எஸ்எஸ்எல்சி பரீட்சையில் கேள்வித்தாளைப் படிக்க மட்டும் 15 நிமிடம் கொடுக்கிறார்களே, அதில் பெரும்பங்கை இந்தக் கதைக் கணக்குகளுக்கே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இன்னொன்று, நம் கேரள-தமிழ்நாடு எல்லைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கே உரியது. பள்ளிக்கூடத்தில் தமிழில் படிக்கிறாள், டியூஷனில் மலையாளத்தில் கேட்கிறாள், பிளஸ் ஒன்னில் புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கும். கணக்கு மாறாது, கேள்வியின் மொழி மாறும். இப்போதே தினம் இரண்டு கணக்கைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கட்டும். போட வேண்டியதில்லை, படித்து என்ன கேட்கிறார்கள் என்று சொன்னால் போதும்.

சரி, ஹியுமானிட்டீஸ் விஷயம். அது தாழ்ந்த பிரிவு என்று நான் சொல்லமாட்டேன். தமிழில் அவளுக்கு ஆசை இருந்தால் நம் பாலக்காட்டுச் சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ்த்துறை இருக்கிறது, தாராளமாகப் போகட்டும். ஆனால் கணக்குக்குப் பயந்து போக வேண்டாம், ஏனென்றால் கணக்கு பின்னாலேயே வரும். நீங்கள் ஆசைப்படும் பேங்க் வேலையையே எடுத்துக்கொள்ளுங்கள். கிளார்க் முதல்நிலைத் தேர்வில் கணக்குப் பகுதிக்கு 35 கேள்வி, 20 நிமிடம். எந்தப் பிரிவில் படித்தவருக்கும் அதே தாள், தப்பான விடைக்குக் கால் மார்க் போகும். சிஏ (பட்டயக் கணக்காளர்) படிக்க நினைத்தால் அதன் முதல் கட்டமான ஃபவுண்டேஷனில் மூன்றாவது தாள் 100 மார்க்குக்கு; கணிதமும் புள்ளியியலும் தர்க்கத் திறனும் அதில் வரும். அதிலும் சமன்பாடு உண்டு.

என்னைக் கேட்டால், கணிதம் சேர்ந்த காமர்ஸை முதல் விருப்பமாகப் போடுங்கள். வீட்டில் வியாபாரம் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அது பொருந்தும். எல்லாப் பள்ளியிலும் அந்தச் சேர்க்கை இருக்காது, விண்ணப்பம் போடும் முன் எங்கே இருக்கிறது என்று விசாரித்து வையுங்கள். அவளிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள், சனிக்கிழமை யாரும் அவளைக் கேட்கவில்லை.

அடுத்த முறை வரும்போது அவள் அப்பா இளநீர் லோடு எழுதி வைக்கிற நோட்டையும் கொண்டு வாருங்கள். அதிலிருந்து பத்துக் கணக்கு நானே எழுதித் தருகிறேன்.