ஒரே இசைப்பதிவில் முதல் அச்சு இசைத்தட்டுக்கு மட்டும் ஏன் இவ்வளவு விலை?

ஒரு பதிவு வெளிவந்த காலத்திலேயே, முதலில் செய்த உலோக அச்சுகளால் அழுத்தி எடுத்த வினைல் தட்டுதான் முதல் அச்சு. மேற்கத்திய செவ்வியல் இசையைச் சேகரிப்பவர்கள் தேடி அலைவது இதைத்தான்.

காரணம் எண்ணிக்கை. 1958-இல் ஸ்டீரியோ தட்டுகள் (இடம், வலம் என இரு தடங்களில் ஒலி தருபவை) பரவலாக விற்பனைக்கு வந்தபோது அவற்றை இசைக்கும் கருவி பலரிடம் இல்லை. ஒரே தடத்தில் ஒலி தரும் மோனோ தட்டையே வாங்கினார்கள். அதனால் பிரிட்டிஷ் இசைத்தட்டு நிறுவனமான டெக்காவின் எஸ்எக்ஸ்எல் வரிசை போன்ற ஆரம்பகால ஸ்டீரியோ தட்டுகள் கொஞ்சம்தான். அப்புறம், இசையை முதலில் பதிந்த மூல நாடாவும் அப்போது புதிது. பின்னாளில் நாடாவின் நகலிலிருந்து வந்த மறுபதிப்புகளும் உண்டு. ஜெராக்ஸ் தாளையே மறுபடி ஜெராக்ஸ் எடுத்தால் எழுத்து மங்குமே, அப்படித்தான்.

வாங்கும்போது நடுவிலுள்ள லேபிளை மட்டும் நம்பாதீர்கள். பாட்டு முடியும் இடத்தில், லேபிளைச் சுற்றிய வழவழப்பான பகுதியில் பொறித்த எண்ணையும், எந்த அச்சு என்று அறிய, பாருங்கள். கீறலில் கறாராக இருங்கள். தனி வயலின் மெல்ல ஒலிக்கும் இடத்தில் ஒவ்வொரு 'டிக்' சத்தமும் துல்லியமாகக் கேட்கும். அது உண்மையிலேயே மனதை வருத்தும். விற்பவரும் குறையை முன்பே சொல்லிவிடுவதே நியாயம்.

பழைய தட்டு என்றாலே நல்ல விலை போகும் என்று பலர் நினைக்கிறார்கள். ஏராளமாக விற்ற பிரபல சிம்பொனித் தட்டுகள் எவ்வளவு பழையவையானாலும் பெரும்பாலும் மலிவுதான்.