டயாலிசிஸுக்கு அழைத்துப் போகாதது குற்றமா?

கேள்வி: எங்கள் பொமரேனியன் நாய்க்கு 11 வயது, எடை 9 கிலோ. சிறுநீரகம் எவ்வளவு பழுதாகியிருக்கிறது என்பதை ரத்தத்தில் காட்டும் கிரியாட்டினின் அளவு எட்டு மாதங்களுக்கு முன் 3.4 ஆக இருந்தது, இப்போது 4.6. நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு வீட்டுக்குள்ளேயே சிறுநீர் கழிப்பதால் இரவில் தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்துவிடுகிறோம். வாய் நாற்றம், முடி கொட்டுதல், மெலிவு, வெளிறிய ஈறு எல்லாம் இருக்கின்றன. வாழைத்தண்டுச் சாறு கொடுத்துவருகிறோம். சென்ற வாரம் நொண்டியபோது வீட்டில் இருந்த வலி மாத்திரையில் பாதி கொடுத்தோம். இது கடைசி நிலை, டயாலிசிஸ் ஒன்றே வழி என்று இணையத்தில் படித்தேன். வாரந்தோறும் சென்னைக்கு அழைத்துச் செல்ல எங்களால் முடியாது. அப்படியென்றால் நாங்களே அதைச் சாகவிடுகிறோமா?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: இல்லை. உங்கள் கடிதத்தில் பல அறிகுறிகள் இருந்தாலும் உங்களை உறங்கவிடாமல் செய்வது கடைசி வரிதான் என்று தெரிவதால் அதற்கே முதலில் பதில் சொல்கிறேன். மெல்ல மெல்ல முற்றிவரும் நாள்பட்ட சிறுநீரக நோய்க்கு டயாலிசிஸைத் தொடர் சிகிச்சையாகப் பரிந்துரைக்கும் கால்நடை மருத்துவர்கள் மிகக் குறைவு. பணத்துக்குக் குறைவில்லாத வீட்டாரிடமும் நான் பெரும்பாலும் வேண்டாம் என்றே சொல்வேன். எனவே வசதியின்மையால் உங்கள் நாய்க்கு ஏதோ ஒன்று கிடைக்காமல் போகிறது என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

டயாலிசிஸ் இயந்திரம் ரத்தத்தில் தேங்கியுள்ள யூரியாவையும் கிரியாட்டினினையும், மிகுதியான பொட்டாசியத்தையும், வெளியேற வழியின்றித் தங்கிய நீரையும் அகற்றுகிறது. அதன் வேலை அவ்வளவே. அழிந்துபோன சிறுநீரகத் திசுவை அது மீட்டுத் தருவதில்லை. சிவப்பணுக்கள் உண்டாவதற்குச் சிறுநீரகம் சுரக்க வேண்டிய ஹார்மோனையும் அது சுரப்பதில்லை. அது தருவது அவகாசம் மட்டுமே என்பதால், அந்த அவகாசத்தில் தேறி எழக்கூடிய சிறுநீரகம் நாயின் உடலுக்குள் இருக்கிறதா என்பதைத்தான் நாங்கள் முதலில் பார்க்கிறோம். எலிக்காய்ச்சல் கிருமி தாக்கியோ, நச்சுப் பொருள் எதையாவது தின்றோ, நேற்றுவரை நன்றாக இருந்த நாய்க்கு இரண்டு மூன்று நாள்களில் சிறுநீர் நின்றுபோனால், சில நாள்களோ சில வாரங்களோ இயந்திரத்தின் துணையுடன் அதைக் காப்பாற்றி வைத்திருந்து, சிறுநீரகம் மீண்டும் வேலை செய்யத் தொடங்கியதும் வீட்டுக்கு அனுப்பிவிடும் வாய்ப்பு உண்மையிலேயே உண்டு. உங்கள் நாயின் சிறுநீரகம் மாதக்கணக்கில் தழும்பேறிச் சுருங்கிவரும் ஒன்று. அதற்கு டயாலிசிஸைத் தொடங்கினால் எந்த நாளில் நிறுத்துவது என்பதற்கு யாரிடமும் பதில் இருக்காது.

மனிதர்கள் வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொண்டு ஆண்டுக்கணக்கில் வாழ்கிறார்களே என்று நீங்கள் கேட்கலாம். அவர்களுக்குக் கையிலேயே ரத்தக்குழாய் இணைப்பு அமைத்துக்கொள்ள முடிகிறது. சிலருக்கு மாற்றுச் சிறுநீரகம் கிடைக்கும் என்ற நம்பிக்கையும் இருக்கிறது. நாய்க்கோ கழுத்துச் சிரைக்குள் இருவழிக் குழாயைச் செருகித் தைத்து வைக்க வேண்டும். அது நாள்பட இருந்தால் கிருமித் தொற்றும் ரத்தக் கட்டியும் ஏற்படக்கூடும். நான்கைந்து மணி நேரம் அது அசையாமல் படுத்திருக்க வேண்டும். ரத்தம் குழாயில் உறையாதிருக்க ஹெப்பாரின் கொடுக்க வேண்டும். யூரியாவை வேகமாகக் குறைத்தால் மூளை வீங்கி வலிப்பு வரக்கூடும் என்பதால் முதல் சில முறை வேண்டுமென்றே மெதுவாகச் செய்ய வேண்டும். இதற்கு மேல் உங்கள் நாய்க்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. 9 கிலோ நாயின் உடலில் உள்ள மொத்த ரத்தமே முக்கால் லிட்டர் அளவுதான். குழந்தைகளுக்கான சிறிய வடிகட்டியைப் பயன்படுத்தினாலும், அதில் குறிப்பிடத்தக்க ஒரு பங்கு எந்நேரமும் உடலுக்கு வெளியே ஓடிக்கொண்டிருக்கும். ஏற்கெனவே ஈறு வெளிறிய நாய்க்கு அது எளிதில் தாங்கக்கூடியதன்று. சென்னை வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நாய்களுக்கு டயாலிசிஸ் செய்யும் வசதி இருக்கிறது. ஆனால் திருச்சியிலிருந்து 300 கிலோமீட்டருக்கு மேல் வாரம் இரண்டு மூன்று முறை போய்வருவது, எஞ்சியிருக்கும் நல்ல நாள்களையும் அந்த நாயிடமிருந்து பறித்துக்கொள்ளும்.

அடுத்து, 'கடைசி நிலை' என்ற பேச்சு. சிறுநீரக நோயை நிலைகளாகப் பிரிக்க உலகெங்கும் கால்நடை மருத்துவர்கள் பின்பற்றும் ஐரிஸ் வரையறையின்படி, நாயின் கிரியாட்டினின் 2.9 முதல் 5.0 வரை இருந்தால் மூன்றாம் நிலை, 5.0க்கு மேல் போனால்தான் நான்காம் நிலை. மூன்றாம் நிலையில் உள்ள நாய்கள் ஒழுங்கான கவனிப்புடன் பல மாதங்களும், சில நாய்கள் ஓராண்டுக்கு மேலும் வாழ்வதைப் பார்க்கிறோம். அந்த எண்ணையும் நாயின் உடலில் நீர்ச்சத்து சரியாக இருக்கும்போது, ஒரு முறைக்கு இரண்டு முறை சோதித்த பிறகே நம்ப வேண்டும் என்று அதே வரையறை சொல்கிறது. இரவு முழுவதும் தண்ணீர் இல்லாமல் வைத்திருந்துவிட்டுக் காலையில் ரத்தம் எடுத்திருந்தால், உங்கள் 4.6இல் ஒரு பகுதி நீர்வறட்சியால் ஏறியதாகவே இருக்கக்கூடும்.

தண்ணீர்க் கிண்ணத்தை எடுப்பதை இன்றிரவே நிறுத்துங்கள். நாய் அதிகம் குடிப்பதால் அதிகம் சிறுநீர் கழிப்பதாக நீங்கள் நினைக்கிறீர்கள். நடப்பது அதற்கு நேர்மாறானது. சிறுநீரைச் செறிவாக்கும் ஆற்றலை இழந்துவிட்ட சிறுநீரகம் தண்ணீரை வெளியே விட்டுக்கொண்டே இருக்கிறது. அந்த இழப்பை ஈடுசெய்யவே நாய் குடிக்கிறது. குடிக்க முடியாமல் போனாலும் சிறுநீர் வெளியேறிக்கொண்டே இருக்கும். உடல் வறண்டு, சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டம் குறையும். தரை நனைவது தொல்லைதான். பழைய போர்வையை விரித்துப் போடுங்கள். இரவு பதினொரு மணிக்கு ஒரு முறை வெளியே அழைத்துச் சென்று வாருங்கள்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் குறிப்பிடாத ஓர் அறிகுறிதான் எனக்கு முக்கியம். இவ்வளவு நாளும் தரையை நனைத்துக்கொண்டிருந்த நாய் திடீரென்று குறைவாகச் சிறுநீர் கழிக்கத் தொடங்கினால், 'அப்பாடா, குணமாகிவிட்டது' என்று நினைத்து யாரும் நிம்மதி அடைய வேண்டாம். நாள்பட்ட நோயின் மேல் புதிதாக ஒரு திடீர்ச் சேதம் விழுந்திருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். 9 கிலோ நாய் 24 மணி நேரத்தில் சுமார் 200 மில்லி, அதாவது ஒரு டம்ளர் அளவுக்கும் குறைவாகக் கழித்தாலோ, அதனுடன் வாந்தியும் சோர்வும் சேர்ந்தாலோ, மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. சிறுநீர் குறைந்த உடலில் பொட்டாசியம் ஏறும். பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பு தளர்ந்து, முன்னறிவிப்பே இல்லாமல் நின்றுபோகலாம். இதைக் கண்டறியக் கருவி எதுவும் வேண்டாம். காலையில் ஊற்றிய தண்ணீரையும் மாலையில் மீந்ததையும் அளந்து ஒரு நோட்டில் எழுதுங்கள். எத்தனை முறை சிறுநீர் கழித்தது, நனைந்த இடம் வழக்கமான அளவில் இருந்ததா என்று அதன் பக்கத்திலேயே குறித்து வையுங்கள். அடிக்கடி காலைத் தூக்கியும் சொட்டுச் சொட்டாகவே வந்தால் கல் அடைத்திருக்கலாம். அடைப்பை நீக்கினாலே நிலைமை தெளிந்துவிடும், டயாலிசிஸ் என்ற பேச்சே எழாது.

அப்படி ஒரு நாள் வந்தால், மருத்துவரிடம் பொட்டாசியம் அளவு, இதய வரைபடம், வயிற்று ஸ்கேன், சிறுநீரில் கிருமி வளர்ப்புச் சோதனை, மழைக்காலமாக இருந்தால் எலிக்காய்ச்சல் சோதனை ஆகியவற்றைக் கேளுங்கள். சிறுநீரகத்தில் ஏறிய கிருமித் தொற்றும் எலிக்காய்ச்சலும் மருந்துக்குக் கட்டுப்படக்கூடியவை. அவை நீங்கினால் நாய் தன் பழைய 4.6க்கே திரும்பி வரலாம். டயாலிசிஸ் பற்றிய பேச்சு உங்கள் வீட்டில் நியாயமாக எழ வேண்டிய நேரம் அதுதான். மருந்து கொடுத்தும் சிறுநீர் வரவில்லை, பொட்டாசியம் இறங்கவில்லை, ஏற்றிய சலைன் நுரையீரலில் தேங்கி நாய் மூச்சு வாங்குகிறது என்றால், உள்ளூர் மருத்துவரையே வேப்பேரிக்குத் தொலைபேசியில் பேசச் சொல்லிவிட்டு அதன் பிறகு புறப்படுங்கள். சிறுநீர் வராத நாய்க்கு பாட்டில் பாட்டிலாக சலைன் ஏற்றிக்கொண்டே இருப்பது பயன் தராது, தீங்கே செய்யும்.

இப்போது வலி மாத்திரை. நாய்க்குக் கொடுக்கலாமா என்று யாரிடமும் கேட்காமல் வீட்டு அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்த மாத்திரைகளால் எங்கள் சிகிச்சை மேசைக்கு வந்து சேரும் நாய்கள் இன்னும் குறையவில்லை. ஐபுபுரோஃபென், டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக் போன்றவை, வறண்ட நேரத்தில் சிறுநீரகத்துக்குள் ரத்த ஓட்டத்தைத் தாங்கிப் பிடிக்கும் பொருளின் உற்பத்தியையே தடுக்கின்றன. இரவெல்லாம் தண்ணீர் இல்லாத, முக்கால் பங்கு சிறுநீரகத்தை இழந்துவிட்ட நாய்க்கு, மனிதருக்கான பாதி மாத்திரையும் மிக அதிகம். 'பாதிதானே' என்ற சமாதானம் 60 கிலோ எடையுள்ளவருக்குப் பொருந்தலாம்.

வாழைத்தண்டுச் சாற்றையும் நிறுத்திவிடுங்கள். அது கல்லைக் கரைக்கும் என்ற நம்பிக்கையில் கொடுக்கப்படுவது. உங்கள் நாய்க்குக் கல் இருப்பதாக எந்த ஸ்கேனும் சொன்னதாக நீங்கள் எழுதவில்லை. பொட்டாசியம் மிகுந்த அந்தச் சாறும் இளநீரும் சிறுநீர் குறைந்த நாளில் நஞ்சுக்குச் சமம். திராட்சை, உலர்திராட்சை, கேசரியிலும் பாயசத்திலும் இருந்து பொறுக்கிப் போடும் இரண்டு மூன்று கிஸ்மிஸ் பழங்கள்கூட வேண்டாம். அவற்றில் உள்ள டார்டாரிக் அமிலமே நாயின் சிறுநீரகத்தைத் தாக்குகிறது என்று இப்போது கருதப்படுகிறது. அதே அமிலம் புளியில் நிறைய இருக்கிறது. ஆகவே மீந்த புளிசாதமும் ரசம் சோறும் அதன் தட்டுக்குப் போகக் கூடாது.

முடி கொட்டுவதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். பொமரேனியன் முடி எப்போதும் கொட்டும். வாய் நாற்றம் யூரியாவாலும் வரும், பல் காரையாலும் வரும். வாயைத் திறந்து பார்த்து, புண் இருந்தால் மட்டும் மருத்துவரிடம் சொல்லுங்கள். இரண்டு ஆய்வகங்களின் முடிவுகளில் 4.4, 4.6 என்று வேறுபாடு இருந்தால் அதற்குப் பொருள் எதுவும் இல்லை. வெளிறிய ஈற்றை அப்படித் தள்ளிவிட முடியாது: ஹீமோகுளோபின் அளவைப் பார்க்க வேண்டும், உண்ணிக் காய்ச்சல் ரத்தசோகையையும் தரும், சிறுநீரில் புரதத்தையும் ஒழுகவைக்கும் என்பதால் அதையும் சேர்த்துச் சோதிக்க வேண்டும்.

மெலிவுக்குக் காரணம் பெரும்பாலும் சாப்பிடாததுதான். 'கிட்னி என்றால் கறி கூடாது' என்று கேட்டுக்கொண்டு வெறும் தயிர்சாதத்தில் நாயை வைத்திருக்கும் வீடுகள் பல. நாய்க்கு அளவான, தரமான புரதம் வேண்டும். குறைக்க வேண்டியது பாஸ்பரஸ். எலும்பு, கால்சியம் பாஸ்பேட் கலந்த டானிக், ஈரல், அதிகமான பால்பொருள்கள் ஆகியவற்றில்தான் அது மிகுதி. சிறுநீரக நோய்க்கென்று விற்கப்படும் உணவை நாய் ஏற்றுக்கொண்டால் நல்லது. மறுத்தால் பட்டினி போட்டுப் பழக்க முயலாதீர்கள். குமட்டலுக்கு மருந்து கொடுத்துவிட்டுப் பிறகு சிறிது சிறிதாக மாற்றலாம்.

நீங்கள் சென்னைக்குச் செலவிட நினைத்த பணத்தில் மிகச் சிறிய பங்கைக் கொண்டு திருச்சியிலேயே மூன்று சோதனைகளைச் செய்துகொள்ளுங்கள்: ரத்த அழுத்தம், சிறுநீரில் புரத–கிரியாட்டினின் விகிதம், ரத்தத்தில் பாஸ்பரஸ். அழுத்தம் 160க்கு மேல் நீடித்தாலோ, விகிதம் 0.5க்கு மேல் இருந்தாலோ மாத்திரைகள் இருக்கின்றன. மூன்றாம் நிலையில் பாஸ்பரஸை 5.0க்குக் கீழே வைக்க, உணவு போதாதபோது, உணவுடன் கலந்து தரும் மருந்து இருக்கிறது. தேவைப்பட்டால் தோலுக்கு அடியில் சலைன் ஏற்றும் முறையை உங்களுக்கே கற்றுத்தருவார்கள். எத்தனை மில்லி, வாரத்தில் எத்தனை முறை என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

எந்த வலி மாத்திரை என்று நீங்கள் எழுதவில்லை. அதன் அட்டையை எடுத்துக்கொண்டு நாளைக் காலையே மருத்துவரிடம் போய், கிரியாட்டினினையும் பொட்டாசியத்தையும் மறுபடியும் பார்க்கச் சொல்லுங்கள்.