வேட்டைத் துப்பாக்கியின் இரவுக்கருவி, சிக்லாப் மாமரத்துக்குப் பொருந்துமா?

கேள்வி: சிங்கப்பூரில் சிக்லாப் வட்டாரத்தில் தரைவீட்டில் குடியிருக்கிறேன். இரவானால் மரநாய்கள் கூரைமேல் ஓடுகின்றன. பின்கட்டு மாமரத்துக்கும் வருகின்றன. ஆஸ்திரேலியாவில் பண்ணை வைத்திருக்கும் என் மைத்துனர், உரிமம் பெற்ற தமது வேட்டைத் துப்பாக்கியின் ஸ்கோப்புக்கு (குறிபார்க்கும் தொலைநோக்கிக்கு) பின்னால் சிறிய சிசிடிவி கேமராவையும் மேலே ஒரு திரையையும் அகச்சிவப்பு டார்ச்சையும் பொருத்தி, இரவில் நரி தெரிவதற்கு ஒரு கருவியைத் தாமே செய்திருக்கிறார். பறவை பார்ப்பதற்கு நான் வைத்திருக்கும் 60 மி.மீ. ஸ்பாட்டிங் ஸ்கோப்பில் அதையே பொருத்தி மரநாய்களைப் பார்க்கலாமா? மரம் வீட்டிலிருந்து சுமார் 15 மீட்டர்.

பதில்: பொருத்தலாம், ஆனால் கேமராவை ஸ்கோப்புடன் இணைக்க உங்கள் மைத்துனர் செய்திருக்கும் குழாயை அதே நீளத்தில் செய்தால் கருந்திரையின் நடுவே ஒரு சிறிய வட்டம் மட்டுமே தெரியும். சுடும்போது துப்பாக்கி பின்னுக்கு உதைத்து ஸ்கோப் புருவத்தில் இடிக்கக் கூடாது என்பதற்காக, துப்பாக்கி ஸ்கோப்பில் கண்ணுக்கும் பின்புற லென்சுக்கும் இடையே ஏறத்தாழ 90 மி.மீ. இடைவெளி வைத்திருப்பார்கள். ஸ்பாட்டிங் ஸ்கோப்பில் அது பெரும்பாலும் 15 முதல் 20 மி.மீ. வரைதான். கண் இருக்க வேண்டிய அதே இடத்தில் கேமராவின் லென்ஸ் இருந்தால்தான் முழுப் படமும் கிடைக்கும்.

சட்டத்தை முதலில் முடித்துவிடுகிறேன். சிங்கப்பூரில் வேட்டைக்கு இடமில்லை; உரிமமில்லாத துப்பாக்கிக்குச் சிறையும் பிரம்படியும் உண்டு. ஆகவே மைத்துனரிடமிருந்து ஸ்கோப்பையோ அதைப் பொருத்தும் பிடிகளையோ தபாலில் வரவழைக்க வேண்டாம். கேமராவை வைத்து விலங்கைப் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் 2020ஆம் ஆண்டு திருத்தப்பட்டுப் பெயரும் மாற்றப்பட்ட வனவிலங்குச் சட்டத்தின்படி, அனுமதியின்றி மரநாயைப் பிடிப்பது மட்டுமல்ல, அதற்குத் தீனி வைப்பதும் குற்றம். படம் நன்றாக வர வேண்டும் என்று ஒரு பப்பாளித் துண்டை வைத்தாலும் அது தீனிதான். கருவியைக் குழல் வடிவில் செய்யாமல் பெட்டி வடிவில் செய்யுங்கள். இரவில் தோட்டத்தில் நீளமான கறுப்புக் குழலைக் கண்ணில் வைத்துக்கொண்டு நிற்பவரைப் பக்கத்து வீட்டுக்காரர் என்னவென்று நினைப்பார்?

இனி கருவிக்கு வருவோம். உங்கள் தேவைக்கு ஸ்பாட்டிங் ஸ்கோப்பே வேண்டாம் என்பது என் கருத்து. 20 மடங்கு பெருக்கத்தில் அத்தகைய ஸ்கோப் காட்டும் பரப்பு 15 மீட்டர் தொலைவில் அரை மீட்டரைச் சற்றே தாண்டும். மரநாயின் உடல் மட்டுமே ஏறத்தாழ அரை மீட்டர், வால் தனி. கிளைவிட்டுக் கிளை தாவும் விலங்கை இவ்வளவு சிறிய சாளரத்தில் தேடினால், நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் இலைகளாகவே இருக்கும். அதைவிட, 25 மி.மீ. குவியத் தொலைவுள்ள சிறிய எம்12 லென்ஸை (12 மி.மீ. திருகுள்ள லென்ஸை) கேமராப் பலகையில் நேரடியாகத் திருகிவிடுவது மேல். கணக்கு எளியது. சோனியின் ஐஎம்எக்ஸ்462 போன்ற சென்சாரின் (கேமராவுக்குள் ஒளியை உணரும் சில்லின்) அகலம் சுமார் 5.6 மி.மீ.; அதை 25ஆல் வகுத்து 15 மீட்டரால் பெருக்கினால் ஏறத்தாழ 3.4 மீட்டர் அகலம் கிடைக்கும். 1,920 புள்ளிகள் கொண்ட படத்தில் மரநாயின் உடல் 280 புள்ளிகளுக்கு மேல் நீளும். மீசை தெரியாது, முகம் தெரியும். மரம் முழுவதும் வேண்டுமென்றால் 16 மி.மீ. லென்ஸ் போதும். லென்ஸ் வாங்கும்போது எஃப் எண்ணைக் கட்டாயம் பாருங்கள்; அது சிறிதாக இருந்தால் ஒளி அதிகம் நுழையும். எஃப் 1.4 லென்ஸ், எஃப் 2.8 லென்ஸைப் போல நான்கு மடங்கு ஒளியை உள்ளே விடும்.

சிலிக்கான் சென்சார் நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும், ஏறத்தாழ 1,000 நானோமீட்டர் அலைநீளம் வரை, உணரக்கூடியது. பகலில் நிறங்கள் கெடாமலிருக்க, சாதாரணக் கேமராக்களில் அந்த ஒளியைத் தடுக்கும் மெல்லிய கண்ணாடி ஒன்றைச் சென்சாருக்கு முன்னால் வைத்திருப்பார்கள். அது இல்லாமலேயே விற்கப்படும் கேமராப் பலகைகள் உண்டு. ராஸ்பெரி பை என்னும் சிறு கணினிப் பலகைக்கான நோஐஆர் வகைக் கேமரா அவற்றுள் ஒன்று. பழைய வெப்கேமிலிருந்து அந்தக் கண்ணாடியைக் கழற்றியும் பார்க்கலாம். ஆனால் ஃபிளாஷ் உள்ள பழைய டிஜிட்டல் கேமராவைப் பிரிக்காதீர்கள்; பேட்டரியை எடுத்த பிறகும் அதன் மின்தேக்கியில் சுமார் 300 வோல்ட் தேங்கியிருக்கலாம்.

நட்சத்திர ஒளியைப் பெருக்கிப் பச்சைப் படமாகக் காட்டும் ராணுவக் குழாயையோ, உடல் வெப்பத்தைப் பார்க்கும் தெர்மல் கேமராவையோ இங்கே நான் பரிந்துரைக்கவில்லை. முன்னது ஏற்றுமதிக் கட்டுப்பாடுகளுக்கு உட்பட்ட பொருள். பின்னது சன்னல் கண்ணாடிக்கு அப்பால் பார்க்காது.

பலர் நல்ல சென்சாரை வாங்கிவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். நம் ஊரில் அது பலிப்பதில்லை. பழைய மஞ்சள் நிற சோடியம் தெருவிளக்குகள் 819 நானோமீட்டரையொட்டி நிறைய அகச்சிவப்பைக் கொட்டின. இன்றைய வெள்ளை எல்இடி விளக்குகளில் அது அநேகமாக இல்லை. ஆகவே தடுப்புக் கண்ணாடியை எடுத்த பிறகும் படம் அவ்வளவாகத் தெளியாது. நீங்கள் ஒரு விளக்கைக் கொண்டுவந்தால்தான் கேமராவுக்குக் கண் திறக்கும்.

விளக்குகளில் 850, 940 நானோமீட்டர் என்று இரண்டு வகைகள் உண்டு. 940 கண்ணுக்கு முற்றிலும் தெரியாது, ஆனால் அதே சென்சார் அதைப் பாதியளவோ அதற்கும் குறைவாகவோதான் உணரும். 850இல் விளக்கின் முகப்பில் மங்கிய செந்நிறக் கனல் ஒன்று தெரியும். என் அனுபவத்தில் மரநாய்கள் அதைப் பொருட்படுத்துவதில்லை. 850ஐயே வாங்குங்கள். எல்இடிகளை வாங்கி நீங்களே பற்றவைப்பதைவிட, குவியத்தை மாற்றக்கூடிய அகச்சிவப்பு டார்ச் ஒன்றை 18650 எனப்படும் மறுமின்னேற்றப் பேட்டரியுடன் வாங்குவது சுலபம், சூட்டுத் தொல்லையும் குறைவு. கேமராவுக்கு ஒரு பவர்பேங்க் போதும். திருகு, தாங்கி, கம்பி போன்ற சில்லறைப் பொருள்களுக்கு, மின்னணுப் பாகங்கள் விற்கும் சிம் லிம் டவர் கடைத்தொகுதியில் அரைநாள் செலவிடலாம்.

டார்ச்சை எங்கே வைப்பது என்பதில்தான் நான் முதலில் ஏமாந்தேன். மைத்துனரைப் போலவே நானும் அதை லென்சுக்குப் பக்கத்திலேயே கட்டினேன். திறந்த பண்ணைவெளியில் அது சரி. இங்கோ, கேமராவுக்கு ஒரு மீட்டர் முன்னால் தொங்கிய ஒரே ஒரு மாவிலை, பால்போல வெளுத்துப் படத்தின் கால்பங்கை விழுங்கிவிட்டது. பச்சை இலை அகச்சிவப்பை அப்படித்தான் திருப்பியடிக்கும். தொலைவு இரட்டித்தால் வெளிச்சம் கால்பங்காகும் என்பதால், அருகிலுள்ள இலையும் பூச்சியும் மழைச்சாரலும் தொலைவிலுள்ள விலங்கை எப்போதும் தோற்கடித்துவிடும். மரத்துக்கு நான்கைந்து மீட்டர் அருகில், ஒரு கம்பத்தில், பக்கவாட்டிலிருந்து மரத்தை நோக்கி டார்ச்சைக் கட்டுங்கள். கேமரா வீட்டருகே இருக்கட்டும். விலங்கின் கண்கள் வெள்ளைக் குமிழ்களாக எரிவதும் குறையும். சன்னல் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து டார்ச் அடித்தால் உங்களுக்குத் தெரிவது கண்ணாடிதான். அண்டை வீட்டுச் சன்னல் படத்துக்குள் விழாதபடியும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எரியும் டார்ச்சுக்குள் கிட்டத்தில் உற்றுப் பார்க்கக் கூடாது. ஒளி தெரியாததால் கண்மணி சுருங்காது, இமையும் தானாக மூடாது. குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் கட்டுவது நல்லது.

குளிரூட்டிய அறையிலிருந்து கேமராவை நேரே வெளியே எடுத்துச் சென்றால், நம் ஊர் ஈரப்பதத்தில் லென்ஸ் உடனே பனிமூடிக்கொள்ளும். அரைமணி நேரம் முன்பே வெளியே வைத்துவிடுங்கள்; பெட்டிக்குள் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலமும் இருக்கட்டும்.

குவியத்தைப் பகலில் சரிசெய்து வைத்தால் இரவில் மங்கலாகிவிடும், ஏனெனில் அகச்சிவப்பு ஒளி லென்சுக்குப் பின்னால் வேறோர் இடத்தில் குவிகிறது. இருட்டிய பிறகு, டார்ச் எரியும்போதே சரிசெய்து, லென்ஸின் பூட்டு வளையத்தை இறுக்குங்கள். இதற்கு நான் செய்தித்தாளின் முதல் பக்கத்தை மரத்தடியில் கிளிப் போட்டு நிறுத்துவேன். கறுப்பு மையில் அச்சான கொட்டை எழுத்துத் தலைப்பாகப் பார்த்து எடுங்கள். சிவப்பு, நீலத் தலைப்புகள் அகச்சிவப்பில் அநேகமாகக் காணாமல் போய்விடும். தலைப்பை எழுத்துக் கூட்டி வாசிக்க முடிந்தால் குவியம் சரி. தாளை எடுத்துவிட்டு உள்ளே வந்துவிடுங்கள்.