ஏர் வைஸ்ட்னு ஏன் எழுதக் கூடாது?

ஜெர்மன் ஏ1 (ஆரம்ப நிலை) படிக்கிற ஒருத்தர் கேட்டிருக்காங்க: ‘ஏர் (அவன்) வந்தா வெர்ப் கடைசியில ட் வரணும்னாங்க, ஏர் கொம்ட் (வர்றான்), ஏர் மாஹ்ட் (செய்யறான்)னு. ஆனா விஸ்ஸனுக்கு (தெரிஞ்சிருக்கிறது) ஏர் வைஸ்ட்னு எழுதினா தப்புங்கறாங்க, ஏன்?’

தப்புதாங்க. இஷ் (நான்) வைஸ், டூ (நீ) வைஸ்ட், ஏர் வைஸ், வீர் (நாம்) விஸ்ஸன், ஈர் (நீங்க, பல பேர்) விஸ்ட், ஸீ (அவங்க) விஸ்ஸன், இதான் சரி. காரணம் என்னன்னா, இது பாக்கத்தான் நிகழ்காலம், பொறப்புல இறந்தகாலம் மாதிரியான ஒரு ஃபார்ம். வேரோட பழைய அர்த்தம் ‘பார்’, அதாவது பாத்தாச்சு, அதனால இப்போ தெரியும். நம்ம ‘மலை தெரியுது’, ‘பதில் தெரியும்’ ரெண்டையும் பக்கத்துல வச்சா இது ஒண்ணும் விசித்திரமா படாது. கொமனோட (வர்றது) இறந்தகாலத்த பாருங்க, இஷ் காம், ஏர் காம், ரெண்டும் ஒண்ணுதான், ட் கிடையாது, வைஸும் அதே கணக்கு. பழைய இறந்தகாலம் இப்படி நிகழ்காலமா மாறிட்டதால, நிஜ இறந்தகாலத்துக்குப் புதுசா ட் ஒலியப் பின்னாடி ஒட்டி வுஸ்ட, கெவுஸ்ட்னு ஆக்கிக்கிட்டாங்க.

இன்னொண்ணு, எனக்கு ரொம்பப் பிடிச்சது. சமஸ்கிருதத்துலயும் இதே வேர் இருக்கு, அங்க ‘வேத’ன்னா நான் அறிவேன், அவன் அறிவான் ரெண்டுக்கும் ஒரே ஃபார்ம், நாம்னு வந்தா ‘வித்ம’. ஜெர்மன்ல வைஸ், விஸ்ஸன்னு உயிர் மாறுற அதே இடத்துல அங்கயும் வே, வின்னு மாறுது பாருங்க! வேதம், வித்தை எல்லாம் இந்தக் குடும்பம்தான்.

ஞாபகம் வைக்கணும்னா தனியா மனப்பாடம் வேணாம், கன் (முடியும்), டார்ஃப் (செய்யலாம்), முஸ் (செஞ்சாகணும்) இதுங்களோட சேத்துப் படிங்க, ஏர் கன்ட்னு நீங்க எழுத மாட்டீங்கல்ல, அதுங்களும் இதே மாதிரி உருவானதுதான். (வில், அதாவது ‘வேணும்’, மட்டும் வேற வழியா வந்தது, ஆனா முடிவு ஒண்ணுதான்.) ஸ்பெல்லிங்ல வைஸுக்கு எஸ்த்ஸெட் (ß எழுத்து), விஸ்ஸனுக்கு ரெண்டு எஸ். 1996 ஜெர்மன் ஸ்பெல்லிங் சீர்திருத்தத்துக்கு முன்னாடி வந்த புக்ல ஈர் விஸ்ட், வுஸ்ட எல்லாமே எஸ்த்ஸெட்லதான் இருக்கும், குழம்பாதீங்க. ஸ்விஸ்ல அந்த எழுத்தே கிடையாது, எல்லாத்துக்கும் ரெண்டு எஸ்தான்.

நம்மாளுங்க நிஜமா மாட்டுறது வேற இடத்துல. தமிழ்ல ஆளும் தெரியும், விஷயமும் தெரியும்பா, அங்க அப்படி இல்ல. ‘எனக்கு அவரத் தெரியும்’னா இஷ் கென இன், ‘அவர் வர்றாருன்னு தெரியும்’னா இஷ் வைஸ், டாஸ் ஏர் கொம்ட், டாஸ் (‘-ன்னு’ மாதிரி இணைக்கிற சொல்) வந்துட்டா வெர்ப் கடைசிக்குப் போயிடும்.