லைசென்ஸ் துப்பாக்கியைக் கடைவீதிக்கு எடுத்துப் போகலாமா? அதை வேறு யாராவது வாங்கிச் சுட்டால் யார் பொறுப்பு?

இதைக் கேட்ட நீங்கள் மலையில் புதிதாகத் தோட்டம் வாங்கியவர் என்று நினைக்கிறேன், இல்லையென்றால் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

தோளில் மாட்டிக்கொண்டு பஜாருக்குப் போக முடியாது. 2016 ஆயுத விதிகளின்படி பொது இடத்தில் துப்பாக்கி உறைக்குள்தான் இருக்க வேண்டும். வெளியே எடுத்துக் காட்டி மிரட்டவும் கூடாது, சுடவும் கூடாது. லைசென்ஸ் எந்த எல்லை வரை செல்லும் என்று அதிலேயே போட்டிருக்கும், அதைப் பாருங்கள். இரண்டாவது கேள்விக்கு, கொடுத்தவரும் மாட்டுவார். வாங்குகிறவருக்கு உரிமை இருக்கிறதா என்று பார்க்காமல் ஆயுதத்தைக் கையில் கொடுப்பதே ஆயுதச் சட்டம் 29-வது பிரிவில் குற்றம், குண்டு யார் மேலும் பட வேண்டும் என்றுகூட இல்லை.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு ரோஷம் என்றால், தாண்டிக்குடிப் பக்கம் எங்கள் காபித் தோட்டத்தில் அப்பாவிடம் ஒரு 12 போர் டபுள் பேரல் உண்டு. குழலைக் கழற்றி பீரோவில் வைப்பார், தோட்டா வேறு பெட்டியில், இரண்டு சாவியும் அவர் இடுப்பில். அம்மாவுக்கே தராதவர். என் தாய்மாமன் பேரனுக்குக் காதுகுத்து வைத்தபோது வீட்டுக்கு வந்து, "மச்சான், மேளம் வாசிக்கும்போது வானத்தைப் பார்த்து ரெண்டே ரெண்டு, அப்புறம் கையோட கொண்டாந்துர்றேன்" என்றார். அப்பா, "வெடிதானே, வத்தலக்குண்டுல சரம் வாங்கித் தர்றேன்" என்றார். மாமாவுக்கு முகம் செத்துவிட்டது, காப்பியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனார். அடுத்து நடந்தது என் கல்யாணம். முன்னால் நின்று மாலை எடுத்துக் கொடுக்க வேண்டிய மனுஷன் பந்தியில்கூட உட்காரவில்லை. அம்மா இன்றைக்கும் அப்பாவைத்தான் குறை சொல்கிறார். ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு கொண்டாட்டத்துக்காகச் சுட்டு அடுத்தவர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று அம்மாவிடம் வாசித்தே காட்டினேன். "சட்டமா வந்து சீர் செய்யும்?" என்று கேட்டுவிட்டார், பதில் சொல்ல முடியவில்லை.

"பன்றி வந்து கிழங்கைத் தோண்டினால் தெரியும்" என்று யாராவது எழுதுவீர்கள். எங்கள் தோட்டத்திலும்தான் தோண்டுகிறது, காட்டுமாடும் வருகிறது. நான் துப்பாக்கிக்கு எதிரி இல்லை, வக்கீலும் இல்லை. ஆனால் லைசென்ஸ் இருக்கிறது என்பதற்காகப் பன்றியைச் சுட முடியாது. 2025-ல் தமிழக அரசு கொடுத்த அனுமதியே காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால், அதுவும் வனத்துறையினர் சுடுவதற்குத்தான். இந்த மலையில் காட்டை விட்டு மூன்று கிலோமீட்டர் தள்ளி யாருடைய தோட்டம் இருக்கிறது, சொல்லுங்கள். தேர்தல் வந்தால் பெரும்பாலும் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு, முடிவு வந்த பிறகு போய் வாங்க வேண்டும், அதற்கும் தயாராக இருங்கள்.

உண்மையில் பன்றியைவிட எங்களை அதிகம் தின்பவர் காபிக்கொட்டை எடை போடும் வியாபாரி. வெயிலில் காய்ந்து சலசலக்கும் கொட்டையைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டு "ஈரமா இருக்கேம்மா" என்று மூட்டைக்கு இத்தனை கிலோ என்று கழிப்பார். அதை யாரும் கேட்பதில்லை. சரி, அது வேறு கதை.

நீங்கள் காரில் கொண்டு போயே தீர வேண்டும் என்றால் உறையில் போடுங்கள், தோட்டாவைத் தனியாக வையுங்கள், லைசென்ஸ் கையில் இருக்கட்டும். டீக்கடைக்குத் துணை வேண்டுமென்றால் ஒரு ஆளைக் கூட்டிப் போங்கள்.