வெண்புள்ளியில் செல்ஃப் டேனர் பூசினால் இயல்பாகத் தெரியுமா?

பொறுமையாகப் பூசினால் தெரியும். செல்ஃப் டேனர் என்பது வெயில் படாமலே தோலைப் பழுப்பாக்கும் க்ரீம். அதிலுள்ள டைஹைட்ராக்ஸிஅசிட்டோன் என்ற சர்க்கரை வகைப் பொருள், மேல்தோலின் இறந்த செல்களிலுள்ள புரதத்தோடு சேர்ந்து சில மணி நேரத்தில் நிறம் தருகிறது. தோசை கல்லில் முறுகிச் சிவப்பதும் இதே மாதிரி வினைதான். அந்தச் செல்கள் உதிர உதிர, ஏறக்குறைய ஒரு வாரத்தில் நிறமும் மங்கிவிடும்.

முழங்கை, மூட்டு, கணுக்காலில் தோல் தடிமனாக இருப்பதால் அங்கே கூடுதலாகக் கறுக்கும். அதனால் தேய்த்துக் குளித்து, ஈரம் போகத் துவட்டி, அந்த இடங்களில் கொஞ்சம் மாய்ஸ்சரைசர் தடவிவிட்டு மெல்லிசாகப் பூசுங்கள். விளிம்பைத் தாண்டாமல் இருக்க காது குடையும் பட்ஸ் போதும். அப்புறம் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். குளச்சல், முட்டம் பக்கத்துக் கடலோரப் புழுக்கத்தில் வியர்வை வழிந்தால் கோடுகோடாகிவிடும். இரவில் ஃபேனுக்கு அடியில் பூசுவதே நல்லது.

நிறம் வந்துவிட்டதால் வெயிலைத் தாங்கும் என்று பலர் நினைக்கிறார்கள். தாங்காது, வெண்புள்ளி சீக்கிரம் வெந்துவிடும், சன்ஸ்கிரீன் கட்டாயம்.