வண்டிக்குப் புதுப் பெயர், ஒப்பந்தம் பழையது

கேள்வி: எங்கள் நகராட்சியில் குப்பை சேகரிக்கும் தனியார் நிறுவனம் அண்மையில் தன் பெயரையும் சின்னத்தையும் மாற்றிக்கொண்டது. வண்டிகள் பச்சை வண்ணத்தில் புதுப்பொலிவுடன் வருகின்றன. அரசுப் பள்ளியில் மரக்கன்று நட்டார்கள். மாரியம்மன் கோயில் திருவிழாவில் நீர்மோர்ப் பந்தல் வைத்தார்கள். ஏரிக்கரையைச் சுத்தம் செய்தார்கள். ஆனால் ஊரில் பலர் ‘எல்லாம் கண்துடைப்பு’ என்கிறார்கள். நல்லது செய்பவரைப் பாராட்ட நமக்கு ஏன் மனம் வருவதில்லை?
– ஒரு வாசகர், செங்கல்பட்டு மாவட்டம்

பதில்: தாராளமாகப் பாராட்டலாம், நீர்மோர் குடித்தவர்கள் பாராட்டியும் இருப்பார்கள். ஆனால் பெயர், சின்னம், வண்ணம், மரக்கன்று, நீர்மோர், ஏரிக்கரை என்று இவ்வளவு எழுதிய நீங்கள், உங்கள் தெருவில் குப்பை நாள் தவறாமல் எடுக்கப்படுகிறதா என்பதை மட்டும் எழுதவில்லை. அந்த நிறுவனம் உங்கள் ஊருக்கு வந்தது அதற்காகத்தான்.

பெயரை மாற்றிக்கொள்வதில் குற்றம் ஏதுமில்லை. ஆனால் ஒரு நிறுவனம் சட்டப்படி பெயரை மாற்றிக்கொண்டால், அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு அலுவலகப் பலகையிலும் கடிதத் தாளிலும் பில்லிலும் புதிய பெயரோடு பழைய பெயரையும் சேர்த்தே போட வேண்டும் என்கிறது 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 12ஆவது பிரிவு. பழைய பெயரில் பட்ட கடனும் கொடுத்த வாக்கும் புதிய பெயரைப் பின்தொடர வேண்டும் என்பதால்தான் இந்த ஏற்பாடு. உங்கள் ஊர் அலுவலகத்தின் பலகையில் பழைய பெயர் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். இல்லையென்றால், ஒன்று விதி மீறப்பட்டிருக்கிறது, அல்லது சட்டப் பெயர் மாறவே இல்லை, வண்டியின் வண்ணம்தான் மாறியிருக்கிறது.

இந்தத் தொழிலில் பெயர்கள் எவ்வளவு வேகமாக மாறும் என்பதற்குச் சென்னையை விடச் சிறந்த சாட்சி கிடைக்காது. 2000ஆம் ஆண்டில் மூன்று மண்டலங்களின் குப்பையை எடுக்க ஓனிக்ஸ் வந்தது. அது பிரான்சின் விவென்டி குழுமத்தின் பெயர்களில் ஒன்று; அந்தக் குழுமத்தின் சுற்றுச்சூழல் பிரிவே 2003இல் வியோலியா என்று மாறிவிட்டது. 2007இல் நீல் மெட்டல் ஃபனால்கா, 2012இல் ராம்கி, 2020 முதல் ஏழு மண்டலங்களில் அர்பேசர் சுமீத் என்று வரிசை நீண்டது. ராம்கி என்விரோ நிறுவனத்தின் பெரும்பங்கை வாங்க அமெரிக்க முதலீட்டு நிறுவனமான கே.கே.ஆர். 2018இல் ஒப்பந்தம் செய்தது. பிறகு அந்த நிறுவனம் ‘ரீ சஸ்டெயினபிலிட்டி’ என்று தன் பெயரை மாற்றிக்கொண்டது. இவ்வளவு பெயர்கள் வந்து போன பிறகும் கொடுங்கையூர், பெருங்குடி கிடங்குகளில் மலையாகக் குவிந்த குப்பையைத் தோண்டிப் பிரிக்கும் செலவு மக்கள் தலையில்தான் விழுந்திருக்கிறது.

இனி அந்தச் சமூகப் பணிக்கு வருவோம். உங்கள் ஊர் நிறுவனத்தின் வருமானம் நகராட்சி தரும் ஒப்பந்தத் தொகை. நகராட்சியின் வருமானத்தில் உங்கள் சொத்து வரியும் அடக்கம். அந்த நீர்மோரில் உங்கள் பங்கும் கொஞ்சம் கலந்திருக்கிறது என்பதால், நன்றிக்கடன் பட்டதாக நீங்கள் கூச வேண்டியதில்லை. மேலும், ஆண்டுக்கு ஐந்து கோடி ரூபாய் நிகர லாபமோ, ஆயிரம் கோடி விற்றுமுதலோ, ஐந்நூறு கோடி நிகர மதிப்போ உள்ள நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்பது 2014 ஏப்ரல் முதல் சட்டம். அந்த நிறுவனம் இந்த வரம்புக்குள் வந்தால் அது செய்வது தர்மமன்று, கடமை. அதே விதிகள், தன் வழக்கமான தொழிலின் பகுதியாகச் செய்வதையும், தன் விளம்பரத்துக்காகப் பணம் தந்து நடத்தும் நிகழ்ச்சியையும் அந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று தெளிவாகச் சொல்கின்றன. ஏரிக்கரையைக் கூட்டுவது ஏற்கெனவே ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இருந்தால், கூலிக்குச் செய்த வேலையைச் சேவை என்று படம் பிடித்துப் போட்டிருக்கிறார்கள்.

போகிற போக்கில் இன்னொன்று. அந்த நீர்மோர் எதில் வழங்கப்பட்டது? 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் குவளை மட்டுமல்ல, பிளாஸ்டிக் பூசிய காகிதக் குவளையும் தடை செய்யப்பட்ட பொருள்.

விளம்பரம் கலந்த ஊர்ப்பணி எல்லாமே வீண் என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவின் ‘வேஸ்ட் மேனேஜ்மென்ட்’ என்ற பெரிய குப்பை நிறுவனம் 1993இல் வேறு பெயர் வைத்துப் பார்த்து, 1997இல் பழைய பெயருக்கே திரும்பி, 2022இல் அதை ‘டபிள்யூ.எம்.’ என்று சுருக்கிக்கொண்டது. ஃபீனிக்ஸ் வட்டாரத்தில் நடக்கும் பெரிய கோல்ஃப் போட்டி 2010 முதல் அதன் பெயரைத் தாங்கியே நடக்கிறது. அப்பட்டமான விளம்பரம்தான், ஆனால் அந்த மைதானத்தில் சாதாரணக் குப்பைத் தொட்டியையே வைக்காமல், மறுசுழற்சிக்கு ஒன்று, உரத்துக்கு ஒன்று என்று மட்டும் வைத்து, பெருங்கூட்டத்தின் கழிவைக் கிடங்குக்குப் போகாமல் தடுக்க முயல்கிறார்கள். தன் தொழிலை நன்றாகச் செய்து காட்டுவதே அங்கே விளம்பரம். உங்கள் ஊர் நிறுவனம் மாரியம்மன் திருவிழாவின் அன்னதான இலைகளையும் பூமாலைகளையும் அன்றிரவே தனியாக எடுத்து உரமாக்கி, அந்த உரத்தைப் பள்ளி மரக்கன்றுகளுக்கே போட்டிருந்தால், இந்தப் பக்கத்தில் நானே முதலில் பாராட்டியிருப்பேன்.

எல்லாவற்றுக்கும் மேலாக, சமூகம் என்று அவர்கள் சொல்வதில் வண்டி தள்ளுபவர்கள் உண்டா? 2025 ஆகஸ்டில் சென்னையின் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை வாசலில் பதின்மூன்று நாள் உட்கார்ந்திருந்ததையும், நள்ளிரவில் காவல்துறை அவர்களை அப்புறப்படுத்தியதையும் நாடே பார்த்தது. அவர்களின் கவலை தனியார் நிறுவனத்தின் சின்னத்தைப் பற்றியதன்று. தங்கள் மண்டலங்களின் வேலை தனியாருக்குக் கைமாறினால் சம்பளம் குறைந்துவிடும், பணி நிரந்தரம் என்ற நம்பிக்கை போய்விடும் என்பதே. புதிய சீருடையில் புதிய சின்னத்தைத் தைத்துக் கொடுத்தவர்கள், கையுறையும் காலணியும் கொடுத்தார்களா, வருங்கால வைப்பு நிதியையும் இ.எஸ்.ஐ. தொகையையும் மாதந்தோறும் கட்டுகிறார்களா என்று உங்கள் தெருவுக்கு வருகிறவரையே கேட்கலாம். மேற்பார்வையாளர் பக்கத்தில் இல்லாதபோது கேளுங்கள்.

ஒப்பந்தத்தின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டிய மனுவில், நகராட்சியிடமே கேட்டுப் பெறலாம். எந்தெந்த வேலைக்கு எவ்வளவு தொகை, குப்பை எடுக்காத நாளுக்கு என்ன அபராதம், இதுவரை எவ்வளவு பிடிக்கப்பட்டது, தொகை எடைக்கா அல்லது வேலைத் தரத்துக்கா என்ற நான்கையும் தனித்தனியாகக் கேளுங்கள். எடைக்குத்தான் பணம் என்றால், வீட்டிலேயே குப்பையைப் பிரித்துக் குறைக்கச் சொல்வதில் அந்த நிறுவனத்துக்கு எந்த ஆதாயமும் இல்லை. அதை வைத்தே அதன் பிரசாரத்தை நீங்கள் எடைபோட்டுக்கொள்ளலாம். பதில் வந்ததும் எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். நிறுவனத்தின் புதிய பெயரோடு பழைய பெயரையும் சேர்த்து வெளியிடுகிறேன்.